மூன்றாவது கதவடியில்

ஆஸ்பத்திரிக் கடிதத்துக்குள்
முத்திரை ஒட்டத் தேவையில்லாத இன்னொரு உறை.
இருபத்தாறு கேள்விகள்.
ஒவ்வொன்றுக்கும் நாலு பெட்டி:
மிகத் திருப்தி, திருப்தி,
கொஞ்சம் திருப்தி, திருப்தியில்லை.
எங்கள் வாயில் முதலில் வருகிற
'பரவாயில்லை'க்குப் பெட்டியில்லை.

குசினி மேசையில் வைத்து
நீலப் பேனையால் தொடங்கினேன்.
வெளியே லா ஷோ-து-ஃபோன்
ஏப்ரலிலும் பனி வழித்துக்கொண்டிருந்தது.

வரவேற்பில் உங்களை மரியாதையாக நடத்தினார்களா?
நடத்தினார்கள்.
என் பேரை மட்டும் ஒன்பது வருஷமாய்
நடுவில் முறித்துக் கூப்பிடுகிறார்கள்:
தவ, பிறகு ஒரு மூச்சு, பிறகு நாயகி.
எனக்கும் இப்போது அப்படித்தான் வருகிறது.

டொக்டர் உங்கள் நோயை விளங்கப்படுத்தினாரா?
படம் கீறிக் காட்டினார்.
தலைகீழாய் ஒரு மரம்,
நுனிக் கொப்புகளில் இலை பழுதாம்.
கைமணிக்கூட்டு உறைகளை மினுக்கும் பட்டறையில்
பதினேழு வருஷம் தூசிக்குள் நின்றேன் என்றேன்.
புகைப்பீர்களா என்று கேட்டார்.
இல்லை என்றேன்.
அடுத்த தவணையிலும் கேட்டார்.
இதற்கு எந்தப் பெட்டி?

பம்ப் பாவிக்கும் முறை உங்களுக்குக் காட்டப்பட்டதா?
ஓம்,
இரண்டு வருஷம் கழித்து.
அதுவரை காலையும் மாலையும்
நாக்குக்குத்தான் வைத்தியம் பார்த்திருக்கிறேன்.
மோட் என்ற தாதிதான்
என் முன்னால் ஒருக்கால் அடியுங்கோ என்றாள்.
பார்த்தாள். சிரிக்கவில்லை.
தன் மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு
வெறும் குப்பி ஒன்றோடு பக்கத்தில் வந்திருந்து
இழுங்கோ, பிடியுங்கோ, பத்து எண்ணுங்கோ, விடுங்கோ என்று
அரை மணித்தியாலம்.
அந்தக் கிழமைக்குள்
மூன்று தலையணை ஒன்றாகியது.
'மிகத் திருப்தி'யில் அழுத்திக் கீறினேன்,
கடதாசியின் மறுபக்கத்திலும் தெரிந்தது.
பிறகுதான் திரும்ப வாசித்தேன்.
கேள்வியில் மோட் இல்லை.
அந்த இரண்டு வருஷம்தான் இருந்தது.

பக்கத்துச் சைக்கிளில் மிதிக்கிற
மிசியூ ஜாக்கோவுக்கும் இதே உறை வந்ததாம்.
ஒரே மூச்சில் இருபத்தாறுக்கும்
'திருப்தியில்லை' போட்டாராம்.
ஒரே மூச்சிலா என்று கேட்டேன்.
சிரித்தார்.
சிரிப்பு இருமலாகி
இருமல் மூக்குக் குழாயைக் கழற்றிவிட்டது.
அதைக் கொளுவிக்கொண்டே சொன்னார்:
திருப்தி என்று எழுதினால்
பைலை மூடிப்போடுவார்கள், மதாம்.

எனக்கு அப்படி ஏலாது.
முறைப்பாடு சொல்லவும் காற்று வேண்டும்.
நான் பெருமூச்சு விட்டே நாலு வருஷம்.
சனம் நினைக்கிறது
இவள் பொறுமைசாலி என்று.

கடைசிக் கேள்வி:
வேறு ஏதும் சொல்ல விரும்புகிறீர்களா?
மூன்று கோடு விட்டிருந்தார்கள்.
பிரெஞ்சை மனதுக்குள் இரண்டு தரம் ஓட்டிப் பார்த்து
எழுதினேன்:

ஆறு நிமிஷ நடைச் சோதனை வைக்கிற
நீளக் கொரிடோரில்
மூன்றாவது கதவடியில் ஒரு கதிரை போடவும்.
அங்கேதான் நாங்கள் எல்லோரும் நின்று
சுவரில் தொங்குகிற மலைப்படத்தை
ரசிப்பதாய் நடிக்கிறோம்.

தபால் பெட்டி இரண்டு தெரு மேலே.
இந்த ஊரில் மேலே என்றால் மேலேதான்.
வங்கி விளம்பரத்தை ஒருக்கால் வாசித்தேன்,
வட்டி வீதம் வரைக்கும்.
பிறகு சப்பாத்துக் கடைக் கண்ணாடியில்
கை வைத்து நின்றேன்.
கடைக்காரன் கதவைத் திறந்து
என்ன அளவு, மதாம் என்றான்.
முப்பத்தாறு என்றேன்.
அதற்கு மேல் சொல்ல வரவில்லை.
உள்ளே,
போட்டுப் பார்க்கிறவர்கள் இருப்பதற்கு
ஒரு வாங்கு கிடந்தது.